குவாலிஸ் கிளட்ச் பெடல் மெத்தென்று இறங்கினால்: காற்று புகுந்த வழியைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது

காலையில் முதல் கியர் சத்தமில்லாமல் விழுகிறது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியதும் ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று பல் உரசுகிறது. பெடலைப் படபடவென்று இரண்டு மூன்று தடவை மிதித்தால் உடனே கியர் விழுகிறது. பெடலை மிதிக்கும்போது பஞ்சுத் தலையணையை அழுத்துவதுபோல இருக்கிறது. பழைய டொயோட்டா குவாலிஸில் இது அடிக்கடி வரும் புகார். இந்தியாவில் 2000 முதல் 2004 வரை விற்ற வண்டி. இன்று ஓடுகிற ஒவ்வொன்றுக்கும் இருபது வயது தாண்டிவிட்டது. ஆயில் அழுத்தத்தால் கிளட்சை இயக்கும் அதன் ஹைட்ராலிக்கில் உள்ள ரப்பருக்கும், மாற்றாமலே விட்டிருந்தால், அதே வயதுதான்.

இந்த அறிகுறியோடு வண்டியை விட்டால் பல பட்டறைகளில் முதலில் வரும் பேச்சு, "கியர்பாக்ஸ இறக்கி கிளட்ச் செட் மாத்திடலாம்" என்பது. அதற்கு ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு மணி நேரம் சோதிக்க வேண்டும். பெடல் மெத்தென்று இருந்தால் பெரும்பாலும் கோளாறு கியர்பாக்ஸுக்கு வெளியே, இரண்டு சிறிய சிலிண்டரிலும் அவற்றை இணைக்கும் பைப்பிலும்தான் இருக்கும். அதேபோல "ஏர் லாக், ஏர் எடுத்தா சரியாப்போயிடும்" என்று நிப்பிளை (ஸ்லேவ் சிலிண்டரில் காற்றை வெளியே விடும் சிறு திருகு) திறந்து காற்றை விட்டுவிட்டு அனுப்புவதும் அரைகுறை வேலைதான். மூடிய பைப்புக்குள் காற்று தானாகப் பிறக்காது. எங்கேயோ ஒரு வழியாக வந்திருக்கிறது. அந்த வழியை அடைக்காவிட்டால் இரண்டு வாரத்தில் அதே பெடல், அதே கரகர.

ஒரு மி.லி. காற்று ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது

பெடலை மிதித்தால் அதோடு இணைந்த கம்பி (புஷ்ராட்), ஃபயர்வாலில், அதாவது எஞ்சினையும் உட்காரும் பகுதியையும் பிரிக்கும் தகரச் சுவரில், இருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். அங்கிருந்து பிரேக் ஆயில் இரும்பு பைப், பிறகு ரப்பர் ஹோஸ் வழியாக, பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடியிருக்கும் கியர்பாக்ஸ் முன் உறை) வெளியே போல்ட் போட்டிருக்கும் ஸ்லேவ் சிலிண்டருக்குப் போகும். ஸ்லேவ் பிஸ்டன் தன் கம்பியால் ஃபோர்க் என்ற நெம்புகோலைத் தள்ளும். ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும். பிரஷர் பிளேட் விலகும்.

இதில் நகரும் ஆயில் மிகக் கொஞ்சம். உதாரணத்துக்கு, மாஸ்டர் துளை 5/8 அங்குலம், ஸ்லேவ் துளை 3/4 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் பிஸ்டன் 30 மி.மீ. நகர்ந்தால் வெளியேறுவது சுமார் 6 மி.லி. ஆயில், அதாவது ஒரு டீஸ்பூனுக்குச் சற்று மேல். அந்த 6 மி.லி., ஸ்லேவ் பிஸ்டனை ஏறக்குறைய 21 மி.மீ. தள்ளும். இப்போது உள்ளே 1 மி.லி. காற்று இருந்தால், பெடலின் முதல் பகுதி அந்தக் காற்றை நசுக்குவதிலேயே செலவாகும். ஸ்லேவ் பிஸ்டனுக்கு மூன்றரை மி.மீ. குறைந்துவிடும். ஃபோர்க்கின் நெம்புகோல் விகிதத்தையும் பிரஷர் பிளேட் விரல்களின் விகிதத்தையும் கடந்து பிளேட் விலகும் தூரமே ஒன்றரை, இரண்டு மி.மீ.தான். அதில் கொஞ்சம் குறைந்தாலும் கிளட்ச் பிளேட் முழுதாக விடுபடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ரிவர்ஸ் கியருக்கு இந்த மாடலில் சின்க்ரோ (பற்கள் சேரும் முன் வேகத்தை ஒத்துப்போகவைக்கும் அமைப்பு) கிடையாது. அதனால்தான் முதல் சத்தம் ரிவர்ஸில் கேட்கிறது.

பெடலை வேகமாகப் பம்ப் செய்தால் சரியாவதற்கும் காரணம் இதுதான். ஸ்லேவ் பிஸ்டன் முழுதாகத் திரும்பி வருவதற்குள் மாஸ்டர், தன்மேல் உள்ள ஆயில் டப்பாவிலிருந்து இன்னும் கொஞ்சம் ஆயிலை இழுத்து முன்னே தள்ளிவிடுகிறது.

பெடல் என்ன சொல்கிறது

எஞ்சினை அணைத்துவிட்டு, சீட்டில் உட்கார்ந்து காலால் நிதானமாக உணர்ந்து பாருங்கள். வாடிக்கையாளரோ ஓட்டுநரோ "கிளட்ச் சரியில்லை" என்று ஒரே சொல்லில் சொல்வதற்குள் நாலைந்து வேறு நோய்கள் இருக்கின்றன.

பெடல் மெத்தென்று இருந்து, பம்ப் செய்தால் உயர்ந்து கெட்டியாகி, ஐந்து நிமிடம் விட்டால் மறுபடி மெத்தென்று ஆனால் உள்ளே காற்று.

பெடலைப் பாதி மிதித்து ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் பிடிக்கும்போது கால் மெதுவாகக் கீழே இறங்கினால், மாஸ்டரின் உள் கப் (பிஸ்டனில் ஆயிலை அடைத்துப் பிடிக்கும் ரப்பர்) ஆயிலைப் பின்னால் விடுகிறது. வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாது, டப்பாவில் அளவும் குறையாது. ஆட்கள் ஏமாறுவது இங்கேதான்.

பெடல் கெட்டியாகவே இருக்கிறது, ஆனால் தரைக்கு மிக அருகில்தான் கிளட்ச் விடுகிறது என்றால் அது காற்று இல்லை. புஷ்ராட் சரிசெய்தல், தேய்ந்த கிளெவிஸ் பின், அல்லது ஃபோர்க் பக்கம் பாருங்கள்.

பெடல் மிகவும் பாரமாக இருந்தால் பிரஷர் பிளேட், அல்லது ஃபோர்க் தாங்கும் பந்து முனை கிரீஸ் இல்லாமல் காய்ந்திருக்கும். ஏர் எடுத்து எந்தப் பயனும் இல்லை.

குளிர்ந்த எஞ்சினில் நன்றாக இருந்து, வெயிலில் நெரிசலில் மாட்டியபின் மட்டும் மெத்தென்று ஆனால் ஹோஸ் சூட்டில் ஊதுகிறது, அல்லது ஆயிலில் தண்ணீர் ஏறியிருக்கிறது. சைலன்சர் பைப்பின் சூட்டுத் தகடு கழன்று போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கண்ணால் பார்ப்பது

ஸ்லேவ் சிலிண்டரின் முனையில் இருக்கும் ரப்பர் பூட்டை (தூசி உறை) விரலால் மெல்ல விலக்குங்கள். உள்ளே லேசான ஈரம் பரவாயில்லை. சொட்டு விழுந்தால் அல்லது கருப்புச் சேறு தேங்கியிருந்தால் ஸ்லேவ் கப் முடிந்துவிட்டது. பூட்டை விலக்காமல் வெளியில் மட்டும் பார்த்துவிட்டு "லீக் இல்லை" என்று சொல்லாதீர்கள். பூட் 5 மி.லி. ஆயிலைச் சொட்டாமல் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வண்டிக்குள் தலையை விட்டு, பெடல் புஷ்ராட் ஃபயர்வாலுக்குள் நுழையும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பி ஈரமாக இருந்தால், அல்லது கீழே தரை விரிப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், மாஸ்டரின் பின் கப் கசிகிறது. பானெட் பக்கம் மாஸ்டருக்குக் கீழே பெயிண்ட் உரிந்து தகரம் தெரிந்தாலும் அதே செய்திதான். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும்.

டப்பாவில் ஆயிலின் நிறத்தையும் பாருங்கள். புதிய ஆயில் வெளிர் தேன் நிறம். காப்பிப் பழுப்பு என்றால் பழையது, தண்ணீர் உறிஞ்சியது. மை போலக் கருப்பு என்றால் ரப்பர் கப்போ ஹோஸின் உள்சுவரோ கரைந்து வருகிறது. ஆயில் மாற்றிய ஒரு மாதத்திலேயே மறுபடி கருத்தால் சந்தேகமே வேண்டாம், ஏதோ ஒரு ரப்பர் சிதைகிறது.

அடுத்து ஒரு ஆளைப் பெடல் மிதிக்கச் சொல்லி, நீங்கள் பானெட் பக்கம் நின்று மாஸ்டர் சிலிண்டரையே பாருங்கள். சிலிண்டர் அசையக் கூடாது. இருபது வருட வண்டியில் ஃபயர்வால் தகரம் மாஸ்டர் போல்ட்டைச் சுற்றி விரிசல் விட்டு, மிதிக்கும்போது சிலிண்டரே இரண்டு மூன்று மி.மீ. முன்னே போய் வருவது உண்டு. கால் அதை "மெத்தென்ற பெடல்" என்றுதான் உணரும். எத்தனை மாஸ்டர் மாற்றினாலும் தீராது. தகரத்தை வெல்டிங் வைத்து, பின்னால் ஒரு 3 மி.மீ. பட்டைத் தகடு கொடுத்து இறுக்க வேண்டும்.

பெடலும் புஷ்ராடும் சேரும் கிளெவிஸ் பின்னைக் கழற்றிப் பாருங்கள். பின் நடுவில் தேய்ந்து இடுப்பு விழுந்திருக்கும், துளை முட்டை வடிவம் ஆகியிருக்கும். இங்கே 1 மி.மீ. ஆட்டம் என்றால், பெடலின் நெம்பு விகிதத்தால் காலடியில் 5, 6 மி.மீ. வீணாகும். மலிவான பாகம், ஆனால் யாரும் பார்ப்பதில்லை.

அளந்து பார்ப்பது

இதுவரை செய்தது ஊகம். ஸ்லேவ் கம்பி நகரும் தூரத்தை அளந்தால் ஊகம் முடிந்துவிடும். இதற்கு ஒரு ஸ்டீல் ஸ்கேல், ஒரு சாக்பீஸ், பெடல் மிதிக்க ஒரு ஆள் போதும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். கீழே போக வேண்டியிருந்தால் ஸ்டாண்ட் கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

வண்டி இரவு முழுக்க நின்றபின் அளப்பது நல்லது. ஸ்லேவ் கம்பி ஃபோர்க்கைத் தொடும் இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, பெடலை ஒரே தடவை தரை வரை மிதிக்கச் சொல்லி, கம்பி எத்தனை மி.மீ. நகர்ந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஐந்து தடவை வேகமாகப் பம்ப் செய்து, ஆறாவது மிதியில் மறுபடி அளந்து பாருங்கள். முதல் மிதியில் 9 மி.மீ., ஆறாவதில் 14 மி.மீ. என்று வந்தால் காற்று உறுதி. இரண்டும் ஒன்றாக இருந்து, தூரமும் போதுமானதாக இருந்து, அப்படியும் கியர் உரசினால்தான் கியர்பாக்ஸை இறக்கும் பேச்சு நியாயமானது. அப்போது நோய் பிரஷர் பிளேட்டிலோ, விரிசல் விட்ட ஃபோர்க்கிலோ, கியர்பாக்ஸ் ஷாஃப்டின் பள்ளங்களில் (ஸ்ப்ளைன்) ஒட்டிக்கொண்ட கிளட்ச் பிளேட்டிலோ, ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங்கிலோ இருக்கும்.

ஆறாவது மிதியில் பெடலை விடாமல் தரையோடு ஒரு நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். பெடல் அசையாமல் இருக்கும்போது ஸ்லேவ் கம்பி மட்டும் மெதுவாகப் பின்வாங்கினால், வெளியே கசிவும் இல்லையென்றால், மாஸ்டரின் உள் கப் போய்விட்டது.

மேலே கோளாறா, கீழே கோளாறா என்று பிரிக்க இன்னொரு வழி ஹோஸை இறுக்கி மூடுவது. வழவழப்பான தாடை கொண்ட ஹோஸ் கிளாம்பால் ரப்பர் ஹோஸை, மாஸ்டர் பக்கம் முடிந்த அளவு நெருங்கி, மூடிவிட்டுப் பெடலை மிதியுங்கள். கல் போலக் கெட்டியானால் மாஸ்டரும் இரும்பு பைப்பும் நலம், நோய் ஹோஸிலோ ஸ்லேவிலோ இருக்கிறது. மூடிய பிறகும் மெத்தென்றே இருந்தால் நோய் மேலே. பல் வைத்த பிளையரால் கடித்துப் பிடிக்காதீர்கள், ஹோஸின் உள்சுவர் கிழிந்துவிடும். ஹோஸ் மேல் ஏற்கெனவே வெடிப்புகள் தெரிந்தால், எப்படியும் மாற்றப்போகிறீர்கள் என்றால் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

ஹோஸைத் தனியாகச் சோதிக்க, ஆள் மிதிக்கும்போது அதை உள்ளங்கையால் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். கைக்குள் புடைப்பது தெரிந்தால் அது போய்விட்டது. பழைய ஹோஸ் இன்னொரு விதத்திலும் கெடும்: உள்சுவர் உரிந்து ஒரு மடல்போலத் தொங்கி, ஆயிலைப் போகவிட்டுத் திரும்பவிடாது. பெடலை விட்ட பிறகும் கிளட்ச் தாமதமாகப் பிடித்தால் ஹோஸை நினையுங்கள்.

வெளியே கசியாமல் காற்று எப்படி உள்ளே போகிறது

இது பலருக்குப் புரியாத இடம், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஸ்லேவுக்குள் இருக்கும் கப், உதடு விரிந்த கிண்ணம் போன்றது. அழுத்தம் வரும்போது அந்த அழுத்தமே உதட்டைச் சிலிண்டர் சுவரோடு ஒட்டவைக்கும். தேய்ந்த கப்கூட மிதிக்கும்போது கசியாமல் பிடித்துவிடும். ஆனால் பெடலைச் சட்டென்று விடும்போது பைப்புக்குள் ஒரு நொடி லேசான உறிஞ்சல் ஏற்படும். அப்போது தளர்ந்த உதடு வெளிக்காற்றை உள்ளே விட்டுவிடும். இப்படி ஆயிரம் மிதியில் ஒரு குமிழி சேரும். கசிவு இல்லை, அளவு குறையவில்லை, ஆனால் பெடல் மட்டும் வாரா வாரம் மெத்தென்று ஆகிறது என்றால் காரணம் இதுதான்.

இதைத் தவிர, டப்பாவில் ஆயில் குறைந்து மாஸ்டர் நேராகக் காற்றை விழுங்குவது, நிப்பிளின் கூம்பு முனை சரியாக உட்காராதது, ஹோஸ் இணைப்பில் பழைய செப்பு வாஷரையே திரும்பப் போட்டது ஆகியவையும் காரணம். டப்பா மூடியில் ஒரு சிறு காற்றுத் துளை இருக்கும். அது தூசியால் அடைத்தால் ஆயில் இறங்க இறங்க டப்பாவுக்குள் வெற்றிடம் உண்டாகி, கப் வழியாகக் காற்றை இழுக்கும். மூடியைக் கழுவி ஊதிவிடுங்கள்.

சாமான்கள்

மாஸ்டர் கிட், ஸ்லேவ் கிட் (சிலிண்டருக்குள் மாற்றும் ரப்பர் பாகங்களின் செட்), ரப்பர் ஹோஸ், புதிய செப்பு வாஷர்கள், கிளெவிஸ் பின், திறக்காத அரை லிட்டர் பிரேக் ஆயில். இவ்வளவுதான். கருவியில் 10 மி.மீ. ஃப்ளேர் ஸ்பேனர் முக்கியம். ஆறு முகத்தில் ஐந்தைப் பிடிக்கும் வாய் அதற்கு. இரு முகம் மட்டும் பிடிக்கும் சாதாரண ஓப்பன் ஸ்பேனரால் இருபது வருடத் துரு பிடித்த பைப் நட்டைத் திருப்பினால் முனை மழுங்கி, பைப்பையே மாற்றும் நிலை வரும். முந்தின நாள் இரவே துரு ஆயில் அடித்து வையுங்கள். நிப்பிளுக்கு 8 அல்லது 10 ரிங் ஸ்பேனர், ஸ்லேவ் போல்ட்டுக்கு 12, ஒரு சர்க்ளிப் பிளையர், ஒரு மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் குழாய், 50 மி.லி. ஊசியில்லாத சிரிஞ்ச்.

ஆயில் டாட் 3 (டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு). டாட் 4-ம் போடலாம், இரண்டும் ஒரே வேதிக் குடும்பம். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிவிட்டால் அது 140 டிகிரிக்கு இறங்கலாம். டாட் 4-க்கு இந்த எண்கள் 230, 155. டாட் 5 மட்டும் சிலிக்கோன், அதை இவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 சிலிக்கோன் இல்லை, பெயர் மட்டும்தான் ஒத்திருக்கிறது. என்ஜின் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில், தேங்காய் எண்ணெய் எதுவும் கூடாது. ஒரு ஸ்பூன் போனாலே ரப்பர் ஊறி உப்பி, எல்லாக் கப்பும் ஹோஸும் மாற்ற வேண்டிவரும்.

போன வருடம் திறந்து வைத்த மீதி பாட்டிலை எடுக்காதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் அது இன்னும் வேகமாக நடக்கும்.

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகம் எவ்வளவோ நன்றாகக் கிடைக்கும். கதவு, லைட், கியர்பாக்ஸ் உறைகூட வாங்கலாம். மாஸ்டர், ஸ்லேவ், ஹோஸ் மட்டும் பழையது வாங்காதீர்கள். காய்ந்து கிடந்த சிலிண்டரின் உள்ளே துருக்குழி விழுந்திருக்கும், கிட் போட்டாலும் மாதக்கணக்கில் தாங்காது.

ஒன்றை மட்டும் மாற்றுவதா, இரண்டையுமா? இரண்டையும் என்பதே எங்கள் தீர்ப்பு. ஒரே வயது ரப்பர். மேலே புதிய கப் போட்டு முழு அழுத்தம் வந்ததும் கீழே உள்ள பழையது ஒன்றிரண்டு மாதத்தில் விடும். கையில் பணம் குறைவு என்றால் ஹோஸையும் ஸ்லேவ் கிட்டையும் முதலில் போடுங்கள்.

சிலிண்டரைப் பிரித்துக் கிட் போடுவது

முதலில் டப்பாவிலுள்ள பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். ஃபெண்டர் மேல் ஈரத் துணி விரியுங்கள். சொட்டு விழுந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், துடைத்தால் பரவும்.

ஸ்லேவ் எளிது. ஹோஸை வண்டியில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிட்டு, இரண்டு போல்ட்டைக் கழற்றி எடுத்தால் கையில் வந்துவிடும். பூட்டைக் கழற்றி, ஹோஸ் துளையில் மெல்லக் காற்று அடித்தால் பிஸ்டன் வெளியே வரும். முன்னே ஒரு துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள், கம்ப்ரசர் காற்றில் பிஸ்டன் குண்டுபோலப் பாயும்.

மாஸ்டருக்கு, வண்டிக்குள் கிளெவிஸ் பின்னைக் கழற்றி, பானெட் பக்கம் பைப் நட்டை விடுவித்து, ஃபயர்வால் நட்டுகளைக் கழற்றுங்கள். பின்பக்க ரப்பர் பூட்டை விலக்கினால், பிஸ்டனைப் பிடித்திருக்கும் சர்க்ளிப் வளையம் தெரியும். புஷ்ராடைக் கொஞ்சம் உள்ளே அழுத்திக்கொண்டு சர்க்ளிப்பை எடுத்தால் பிஸ்டனும் ஸ்பிரிங்கும் வரும். வரும் வரிசையிலேயே ஒரு தாள் மேல் அடுக்கி, போட்டோ எடுத்துவையுங்கள்.

துளையின் உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள். கண்ணாடிபோல இருந்தால் கிட் போடலாம். லேசான கறை இருந்தால் பிரேக் ஆயிலில் நனைத்த மிக நைசான எமரித் தாளால் வட்டமாக மட்டும் தேய்க்கலாம், நீளவாட்டில் வேண்டாம். நகத்துக்குத் தட்டுப்படும் குழியோ கோடோ இருந்தால் நேரத்தை வீணாக்காமல் முழுச் சிலிண்டர் வாங்குங்கள். சென்னையில் ஜி.பி. ரோடு, மற்ற ஊர்களில் டொயோட்டா பாகம் வைத்திருக்கும் கடைகளில் முழுச் செட்டே கிடைக்கும்.

கழுவுவதற்குப் புதிய பிரேக் ஆயில் அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் மட்டும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெயில் கழுவும் பழக்கம் இன்னும் இருக்கிறது. துளையின் மூலையில் ஒட்டியிருக்கும் துளி டீசல் போதும் புதிய கப் உப்புவதற்கு. கிட் போட்ட ஒரு மாதத்தில் மறுபடி கோளாறு வந்தால் பாதி நேரம் கழுவியதில்தான் தப்பு.

கப்பைப் புதிய பிரேக் ஆயிலில் நனைத்து, விரலால் ஏற்றுங்கள். ஸ்க்ரூடிரைவர் நுனி உதட்டைக் கீறிவிடும். உதடு விரிந்த பக்கம் எப்போதும் அழுத்தம் வரும் பக்கம், அதாவது ஆயில் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் முதல் மிதியிலேயே ஆயில் பூட்டுக்கு வந்துவிடும். சாதாரண மஞ்சள் கிரீஸ் தடவாதீர்கள். பூட்டுக்குள் தடவ ரப்பருக்கென்றே விற்கும் சிவப்பு கிரீஸ் மட்டும்.

பெடல் ஆட்டம்

மாஸ்டரை மாட்டியதும் ஏர் எடுப்பதற்கு முன் இதைச் சரிசெய்யுங்கள். டொயோட்டாவின் இந்த வகைக் கிளட்சில் வழக்கமான அளவு: பெடல் நுனியில் அளந்தால் புஷ்ராட் ஆட்டம் 1 முதல் 5 மி.மீ., மொத்த ஃப்ரீ ப்ளே (கிளட்ச் எதிர்ப்புக் கொடுக்கும் முன் பெடல் நகரும் தூரம்) 5 முதல் 15 மி.மீ. விரலால் பெடலைத் தொட்டு மெல்லத் தள்ளினால் தெரியும். புஷ்ராடின் லாக் நட்டைத் தளர்த்தி, கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம்.

பெடல் உயரமாகக் கிடைக்கட்டும் என்று ஆட்டமே இல்லாமல் திருகி வைப்பவர்கள் இருக்கிறார்கள். மாஸ்டருக்குள் ஊசித்துளை அளவில் ஒரு வழி இருக்கிறது, பெடலை முழுதாக விட்டால்தான் அது திறந்து ஆயில் டப்பாவுக்குத் திரும்பும். ஆட்டம் இல்லையென்றால் அந்தத் துளை மூடியே இருக்கும். எஞ்சின் சூட்டில் ஆயில் விரிந்து, யாரும் மிதிக்காமலே ஸ்லேவ் கிளட்சை லேசாக அழுத்திக்கொண்டிருக்கும். கிளட்ச் வழுக்கும், பிளேட் எரியும். குமிழிகளும் மேலே போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும்.

ஏர் எடுப்பது

காற்று மேலே ஏறும் இயல்புடையது. வழக்கமான முறையில் நாம் ஆயிலை மேலிருந்து கீழே தள்ளுகிறோம், குமிழிக்கு எதிர்த்திசையில். அதனால்தான் பிரேக்கைவிடக் கிளட்சில் ஏர் எடுப்பது படுத்துகிறது.

கீழிருந்து மேலே தள்ளுவதுதான் சிறந்த முறை. டப்பாவைக் கால் பங்குக்கு மேல் நிரம்பாமல் வையுங்கள். சிரிஞ்சில் புதிய ஆயில் எடுத்து, குழாயை மாட்டி, குழாய் முனை வரை குமிழி இல்லாமல் தள்ளிவிட்டு நிப்பிளில் செருகுங்கள். நிப்பிளை அரைச் சுற்று திறந்து, மெதுவாக, 50 மி.லி.-க்கு ஒரு நிமிடம் என்ற வேகத்தில் அழுத்துங்கள். மேலே ஒரு ஆள் டப்பாவைப் பார்த்துக்கொள்ளட்டும். குமிழி பொங்கி வரும். டப்பா நிறைய நிறைய மற்றொரு சிரிஞ்சால் எடுத்துவிடுங்கள். குமிழி நிற்கும்வரை இரண்டு மூன்று தடவை செய்தால் போதும். நிப்பிளை மூடிய பிறகே குழாயை எடுங்கள்.

சிரிஞ்ச் இல்லையென்றால் இரண்டு பேர் செய்யும் முறை. குழாயின் மறுமுனை, கொஞ்சம் புதிய ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்கியிருக்கட்டும். பெடலை மெதுவாக மிதித்துப் பிடி, நிப்பிள் திற, மூடு, அதன்பிறகே பெடலை மெதுவாக விடு. மூடுவதற்கு முன் பெடலை விட்டால் எடுத்த காற்று நூல் இடுக்கு வழியாகத் திரும்பிப் போய்விடும். படபடவென்று பம்ப் செய்யாதீர்கள், பெரிய குமிழி உடைந்து நுரையாகும், நுரை வெளியே வராது. நாலு மிதிக்கு ஒரு தடவை டப்பாவைப் பாருங்கள். ஒரே ஒரு தடவை டப்பா காலியானால் எல்லாம் முதலிலிருந்து. பழைய ஆயில் முழுதாக வெளியேறிச் சுத்தமானது வர 250, 300 மி.லி. போகும்.

அப்படியும் கடைசி குமிழி பிடிவாதம் பிடித்தால், ஸ்லேவை ஹோஸோடு அப்படியே கழற்றி, ஹோஸ் இணையும் துளை ஸ்லேவின் உச்சியிலும் நிப்பிள் அதற்குக் கீழேயும் இருக்கும்படிச் சாய்த்துப் பிடியுங்கள். பிஸ்டன் கம்பியை உள்ளங்கையால் மெதுவாகக் கடைசிவரை உள்ளே தள்ளி, சில நொடி நிறுத்தி, மெதுவாக வெளியே வரவிடுங்கள். எட்டுப் பத்துத் தடவை. ஒவ்வொரு தள்ளலுக்கும் டப்பாவில் குமிழி மேலே வருவது தெரியும். ஸ்லேவ் கழன்றிருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே தெறித்துவிடும். சாவியை எடுத்து, பெடலுக்கு அடியில் ஒரு கட்டையை வைத்துவிட்டுக் கீழே போங்கள்.

இரவு முழுக்கப் பெடலை ஒரு கட்டையால் சீட்டுக்கு முட்டுக் கொடுத்து அழுத்தி வைப்பதைப் பல ஓட்டுநர்கள் செய்கிறார்கள். அதில் பயன் உண்டு. அழுத்தத்தில் குமிழி சுருங்கி, சுவரை விட்டு நழுவி மேலே மாஸ்டருக்கு அருகில் போய்ச் சேரும், காலையில் பெடலை விட்டதும் டப்பாவுக்கு வெளியேறும். மிச்சம் மீதிக் குமிழிக்கு மட்டும்தான் இது. தேய்ந்த கப்புக்கு மருந்து இல்லை.

இறுக்கும்போது நிப்பிளுக்கு 8 முதல் 11 நியூட்டன் மீட்டர் போதும், பைப் நட்டுக்கு 15 அளவில். நிப்பிளை முழங்கை பலத்தோடு இறுக்கினால் அலுமினிய நூல் கழன்றுவிடும்.

சரியாகிவிட்டதா என்று பார்ப்பது

ஸ்லேவ் கம்பி தூரத்தை மறுபடி அளந்து பாருங்கள். முதல் மிதியும் ஆறாவது மிதியும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

பிறகு ஹேண்ட் பிரேக் போட்டு எஞ்சினை ஐடிலில் விட்டு, கிளட்ச் மிதிக்காமல், கியர் லிவரை மிக மெதுவாக ரிவர்ஸ் பக்கம் கொண்டுபோங்கள். பல் உரசும் சத்தம் லேசாக ஆரம்பித்ததும் அங்கேயே நிறுத்தி, பெடலை மெல்ல இறக்குங்கள். சத்தம் நிற்கும் புள்ளியிலிருந்து பெடல் தரையைத் தொடும்வரை 25 மி.மீ.-க்குக் குறையாமல் மிச்சம் இருக்க வேண்டும். முன்னால் யாரும் பின்னால் யாரும் நிற்காத இடத்தில் செய்யுங்கள்.

எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் ஒரு தடவை, மறுநாள் காலை முதல் மிதியில் ஒரு தடவை, இதே சோதனை. மறுநாள் காலையில் பெடல் இறங்கியிருந்தால் எங்கேயோ ஒரு வழி இன்னும் திறந்திருக்கிறது. முதலில் புதிய செப்பு வாஷர்களையும் நிப்பிளையும் பாருங்கள், பிறகு உதடு மடிந்த கப்பைச் சந்தேகியுங்கள். ஒரு வாரம் கழித்துப் பூட்டை விலக்கி ஈரம் பாருங்கள். ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் மாற்றிவிட்டால், உள்ளே துருக்குழி விழாமல் சிலிண்டர் அடுத்த கிட்டையும் ஏற்கும்.

நடுவழியில் பெடல் விழுந்துவிட்டால்: டப்பாவில் பிரேக் ஆயில் ஊற்றி, பம்ப் செய்து கியர் விழுகிறதா பாருங்கள். விழவில்லையென்றால், முன்னால் காலியாக இருக்கும் சாலையில் எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போட்டுவிட்டு ஸ்டார்ட்டரை அடித்தால் டீசல் எஞ்சின் வண்டியை இழுத்துக்கொண்டே உயிர்பெறும். ஓடும்போது ஆக்சிலேட்டரை விட்டு, ஆர்.பி.எம். இறங்கும் தருணத்தில் லிவரை மெல்ல அழுத்தினால் அடுத்த கியர் தானாக விழும். நிற்க வேண்டிய இடத்தில் நியூட்ரல். அருகிலுள்ள பட்டறைவரை மட்டும், நெரிசலுக்குள் வேண்டாம், மலைப்பாதையில் கண்டிப்பாக வேண்டாம்.